நிறக்குருடு நீங்கிய அலுவலர்

வடபகுதி ஜாதிக்காய்த் தரக் கழகத்தில் குலசேகரம் பதினொரு வருடங்களாகத் தற்காலிகமாக இருந்தார். தற்காலிகம் என்றால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வேலை போய்விடும். ஒரு நாள் விட்டு மறுநாள் காலையில் திரும்பி வரும். இப்படி இருபத்திரண்டு முறை போய், இருபத்திரண்டு முறை வந்திருந்தது. வேலை இல்லாத அந்த ஒரு நாளிலும் அவர் அலுவலகத்துக்கு வந்து மின்விசிறிகளைப் பழுது பார்த்துவிட்டுத்தான் போவார். அவர் வேலையில் இல்லை என்பது மின்விசிறிகளுக்குத் தெரியாது என்பது அவருடைய நியாயம்.

1999ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி அவருக்கு நாற்பத்தைந்து வயது முடிய இருந்தது. நாற்பத்தைந்து வயது முடிந்த ஒருவரை நிரந்தரமாக்க முடியாது என்பது கழகத்தின் விதி. கழகத்தில் காலியாக இருந்த நிரந்தரப் பதவியும் ஒன்றே ஒன்றுதான்: தொழில்நுட்ப உதவியாளர். அந்த வேலையைக் குலசேகரம் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததால், அதை நிரப்ப வேண்டிய அவசரம் யாருக்கும் வரவில்லை.

அவருடைய அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. பெரியப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. மாமனார் விநாசித்தம்பி நீதிமன்றத்தில் தலைமைக் குமாஸ்தா. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்த நாள் முதல் அந்தக் குடும்பத்தில் பென்ஷன் இல்லாமல் செத்தவர் ஒருவர்கூட இல்லை.

"நீங்கதான் முதல் ஆளா இருக்கப் போறீங்க போல" என்று மனைவி யோகம்மா சோறு போடும்போதெல்லாம் சொல்வார். கோபமாகச் சொல்லமாட்டார். வானொலியில் வானிலை அறிக்கை வாசிப்பதுபோலச் சொல்வார்.

கழகம் துறைமுகத்தை ஒட்டிய வெல்ட் கீ சாலைப் பக்கம் ஒரு பழைய கிடங்குக் கட்டடத்தில் இருந்தது. பாலிக் பூலாவ் தோட்டக்காரர்கள் ஜாதிக்காய்களை மூட்டை மூட்டையாகக் கொண்டுவருவார்கள். தரக்காரர்கள் ஒவ்வொரு காயையும் கண்ணால் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம், எண்ணெய்க்கு மட்டும் என்று பிரித்து முத்திரை வைப்பார்கள். அந்த முத்திரையைப் பார்த்தால் சிங்கப்பூர் தவுக்கேக்கள், அதாவது சீன மொத்த வியாபாரிகள், பேரம் பேசாமல் வாங்குவார்கள். 1953இல் தொடங்கியபோது கழகத்தில் ஒன்பது தரக்காரர்களும் ஒரு குமாஸ்தாவும் இருந்தார்கள். பிறகு கழகம் வளர்ந்தது. 1999இல் நாற்பத்தொரு நிர்வாக ஊழியர்களும் ஒரு தரக்காரரும் இருந்தார்கள்.

அந்த ஒருவரான காமாரியா ஏப்ரல் மாதக் கடைசியில் ஓய்வு பெற்றார். பிரிவு உபசார விழாவில் இயக்குநர் டாக்டர் கார்த்திகேசு ஐம்பது நிமிடம் பேசினார். மறுநாள் காலை தோட்டக்காரர் சுலைமானின் லாரி பதினெட்டு மூட்டைகளோடு வாசலில் வந்து நின்றபோதுதான், காயைப் பார்க்கக் கழகத்தில் ஆள் இல்லை என்பது தெரிந்தது.

டாக்டர் கார்த்திகேசு, கோப்புகள் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகரும் வேகத்தை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். வேகத்தைக் கூட்ட வேண்டும் என்று அந்த ஆய்வில் எங்கும் சொல்லப்படவில்லை. அவர் குலசேகரத்தைக் கூப்பிட்டார்.

"மிஸ்டர் குலசேகரம், இது கம்ப்யூட்டர் காலம். ஒரு மெஷின் பண்ணுங்க. காயை அது பாக்கட்டும். பண்ணிட்டீங்கன்னா அந்த போஸ்ட் உங்களுக்குத்தான். வேற யாருக்கு?"

"பட்ஜெட் எவ்வளவு சார்?"

"அதான் சொன்னேனே, போஸ்ட் உங்களுக்குத்தான்."

ஜெலுத்தோங் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஹபீப் முகம்மது கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். குலசேகரத்துக்குப் பத்து வயது இளையவன். வாய் மட்டும் மூத்தது. ஏதோ ஒரு தொழிற்சாலை கழித்துப் போட்ட சோதனை இயந்திரத்திலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் பலகையைக் கழற்றிக் கொடுத்தான். அச்சுப்பொறியைச் செருகும் இடத்தில் மாட்டுகிற சின்ன கேமரா ஒன்றும், பழைய கறுப்புவெள்ளைத் திரை ஒன்றும் கொடுத்தான். லினக்ஸ் இயங்குதளத்தையும் கேமராவுக்கான நிரலையும் கடையின் டெலிபோன் லைனில் இரண்டு நாள் இறக்கினார்கள். அந்த இரண்டு நாளும் கடைக்கு யாராலும் போன் பண்ண முடியவில்லை.

"யாருண்ணே இதெல்லாம் எழுதுறது?" என்று ஹபீப் கேட்டான்.

"யார் யாரோ. கேமரா புரோகிராமை ஆரம்பிச்சது ஜெர்மனியில ஒருத்தர். அப்புறம் பிரேசில்ல ஒருத்தர், ஜப்பான்ல ஒருத்தர். இருபத்தேழு பேரோட பேரு போட்டிருக்கு."

"சும்மாவா குடுக்கறாங்க?"

"சும்மாதான். மூல நிரலையும் சேர்த்தே வச்சிருக்காங்க. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், மாத்திக்கலாம், அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம். தப்பு கண்ணுல பட்டா திருத்தி அனுப்புங்கன்னு கேட்டிருக்காங்க. அவ்வளவுதான்."

"என் சொந்த மச்சான் ஸ்க்ரூட்ரைவர் வாங்கிட்டுப் போய் மூணு வருஷம் ஆச்சுலா, இன்னும் திருப்பித் தரல" என்றான் ஹபீப்.

குலசேகரம் தேவையில்லாததையெல்லாம் கழித்துக் கழித்து, மொத்த இயங்குதளத்தையும் ஒரே பிளாப்பித் தட்டில் அடக்கினார். காயைத் தரம் பார்க்கும் நிரலைத் தானே எழுதினார். காமாரியாவின் வீட்டுக்குப் போய், அவர் பிரித்துக் கொடுத்த முந்நூறு காய்களை வைத்து அதைப் பழக்கினார். ஜூன் மாதக் கடைசியில் இயந்திரம் தயாரானது. மின்சாரம் கொடுத்தால் அது தானே விழித்துக்கொள்ளும், கேமராவைத் திறக்கும், கீழே உருண்டு வரும் காயில் வெடிப்பு, சுருக்கம், பூஞ்சை பார்க்கும், மூன்று குழாய்களில் ஒன்றில் தள்ளிவிடும். நிமிடத்துக்கு நாற்பது காய்.

கழகத்தின் கூடத்தில் அதை ஓட்டிக் காட்டினார். நாற்பத்தொரு நிர்வாக ஊழியர்களும் கை தட்டினார்கள். இரண்டு மாதமாக மூட்டைகளோடு அலைந்துகொண்டிருந்த சுலைமான், தன் மூட்டை மேலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். கை தட்டல் அடங்கியதும் பணியாளர் பிரிவுத் தலைவி செல்வநாயகி எழுந்தார். விதிப் புத்தகத்தைத் திறக்காமலே பக்க எண்ணோடு சொல்லக்கூடியவர் அவர்.

"விதி பதினாலு, உட்பிரிவு ரெண்டு, பக்கம் முப்பத்தொண்ணு. 'தரம் பிரித்தல், நியமனம் பெற்ற அலுவலர் ஒருவரின் கண்ணாலேயே செய்யப்படும்.' இது யாரோட கண்ணு, மிஸ்டர் குலசேகரம்?"

"கேமராவோட கண்ணு, மிஸ்."

"அது நியமனம் வாங்கியிருக்கா?"



"அம்மா, நாப்பது வருஷமா இந்தக் காயோடதான் படுத்து எழும்புறேன்" என்றார் சுலைமான். "நானே பாத்துச் சொல்லிடறேன்லா."

"நீங்க அலுவலரா?"

சுலைமான் மறுபடியும் மூட்டையில் உட்கார்ந்தார்.

"அப்ப புதுசா ஒரு ஆளைப் போட்டுடலாமே?" என்றார் இயக்குநர்.

"முடியாது சார். புதுத் தரக்காரரா வர்ற நபர், பழைய தரக்காரர்கிட்ட அஞ்சு வருஷம் பழகியிருக்கணும். பழைய தரக்காரர்னு இப்ப யாரும் இல்ல. அதனால எந்த நபரையும் எந்தக் காலத்திலயும் போட முடியாது" என்றார் செல்வநாயகி. "ஆனா அந்த விதி 'நபர்'னு சொல்லுது. விதி பதினாலு 'அலுவலர்'னு சொல்லுது. அலுவலர் ஒரு நபரா இருக்கணும்னு நம்ம புத்தகத்தில எங்கயும் எழுதல."

கார்த்திகேசு அவரை மரியாதையோடு பார்த்தார். "அப்ப கேமராவையே நியமிச்சிடலாம்."

"காலியிடம் வேணும் சார்."

"இருக்கா?"

"ஒண்ணு இருக்கு" என்றார் செல்வநாயகி, குலசேகரம் நிற்கும் பக்கம் திரும்பாமல். "தொழில்நுட்ப உதவியாளர்."

"சார், அது..." என்று குலசேகரம் ஆரம்பித்தார்.

"பேப்பர்ல மட்டும்தான், மிஸ்டர் குலசேகரம். கண்ணு நியமனம் ஆகணும்ல? உங்களுக்கு வேற போஸ்ட் கேட்டு எழுதிடுவோம். அடுத்த வருஷ பட்ஜெட்டில."

"எனக்கு அக்டோபர் ஒண்ணாந்தேதி நாப்பத்தஞ்சு முடியுது சார்."

"அட, அப்படியா? முன்கூட்டியே வாழ்த்துகள்."

நியமனத்தின் முதல் படி, பாதுகாப்பு விசாரணைப் படிவம். வேட்பாளருக்குக் கை இல்லாததால் குலசேகரம் அதை நிரப்ப வேண்டியிருந்தது. பெயர் என்ற இடத்தில் கேமராவின் வரிசை எண்ணை எழுதினார். பிறந்த ஊர் தெரியாததால், கேமராவின் அடியில் அச்சாகியிருந்த நாட்டின் பெயரை எழுதினார். பெற்றோர் என்ற இடத்தில் தடுமாறினார்.

"கம்பிக்கும் கண்ணாடிக்கும் யாரும் பெற்றோர் இல்ல" என்றார் செல்வநாயகி. "பாக்கிற புத்தியை யாரு குடுத்தாங்க? அவங்க பேரை எழுதுங்க."

குலசேகரம் இருபத்தேழு பெயரையும் எழுதினார். செல்வநாயகி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இதில அப்பா யாரு, அம்மா யாரு?"

"எல்லாரும் சேர்ந்து செஞ்சது, மிஸ்."

"இதையெல்லாம் ஆபீஸ் பேப்பர்ல எழுதாதீங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் 'பெருங்குடும்பம்' என்று தானே எழுதினார். 'வெளிநாட்டில் உறவினர் உண்டா?' என்ற கேள்விக்கு 'அனைவரும்' என்று எழுதப்பட்டது. விசாரணை ஆறு வாரம் நடந்தது. வேட்பாளர் எந்தச் சங்கத்திலும் சேரவில்லை, கடன் இல்லை, அண்டை வீட்டாருடன் தகராறு இல்லை என்று அறிக்கை வந்தது.

அடுத்து, புதிய அலுவலர்களுக்கான மூன்று நாள் அறிமுகப் பயிற்சி. அது சுங்கை பாக்காப்பில் ஒரு பயிற்சி மண்டபத்தில் நடந்தது. குலசேகரம் ஃபெர்ரியில் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு கடலைக் கடந்து, பஸ் மாறிப் போனார். மண்டபத்தில் கேமராவுக்கு நாற்காலி, பெயர் அட்டை, கோப்பு, பேனா எல்லாம் இருந்தன. குலசேகரத்தின் பெயர் 'தூக்கி வருபவர்' என்ற பட்டியலில் இருந்தது. அந்தப் பட்டியலுக்கு நாற்காலி ஒதுக்கப்படவில்லை. மதியம் நாசி பிரியாணிப் பொட்டலம் கேமராவின் முன்னால் வைக்கப்பட்டது. அலுவலரின் சாப்பாட்டை அலுவலர் அல்லாதவர் தொடக்கூடாது என்பதால், குலசேகரம் வெயிலில் நடந்து போய்ச் சாலையோரக் கடையில் வறுத்த மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்தார். பொட்டலம் மூன்று நாளும் அதே இடத்தில் வந்து, அதே இடத்தில் ஆறியது.

இரண்டாம் நாள், ஒருவர் கண்ணைக் கட்டி இன்னொருவர் கூட்டிப் போகும் விளையாட்டு நடந்தது. வேறொரு அலுவலகத்திலிருந்து வந்த இளம் அதிகாரி ஒருவர் கேமராவின் கண்ணாடியில் கைக்குட்டையைக் கட்டி, அதைத் திடலைச் சுற்றித் தூக்கிப் போய்வந்தார். 'சக அலுவலர் மீது முழு நம்பிக்கை வைக்கிறார்' என்று பயிற்சியாளர் எழுதினார். மதிப்பீட்டின் கடைசி வரி இப்படி இருந்தது: 'அதிகம் பேசாதவர். மேலதிகாரிகள் உரையாற்றும்போது ஒரு கணமும் கண் இமைக்கவில்லை. இவருக்கு எதிர்காலம் உண்டு.'

கடைசிப் படி மருத்துவச் சோதனை. தரம் பார்ப்பவருக்குக் கண் சோதனை மட்டும் போதும் என்று கழகம் சலுகை காட்டியது. செப்டம்பர் பதினான்காம் தேதி குலசேகரம் கண் மருத்துவரின் அறைக்கு வெளியே முப்பது நோயாளிகளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். மருத்துவர் களைத்த மனிதர். மேசை மேல் வைக்கப்பட்ட கேமராவையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேள்வி கேட்டால் இன்னொரு படிவம் வரும் என்பது அவருக்குத் தெரியும்.

கேமராவைக் கம்ப்யூட்டர் பலகையோடு சேர்த்து மருத்துவரின் கலர்த் திரையில் இணைத்தார்கள். சுவரில் இருந்த எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. மருத்துவர் ஒரு சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்டினார். திரையில் நீலமாக வந்தது. நீல அட்டையைக் காட்டினார். சிவப்பாக வந்தது. இத்தனை மாதமும் குலசேகரம் பார்த்துக்கொண்டிருந்தது ஹபீப் கொடுத்த கறுப்புவெள்ளைத் திரை. காய்களைப் பழக்கியதும் அந்த மாறிய நிறத்திலேயே நடந்ததால், தரம் பிரிப்பதில் தப்பே வரவில்லை.

மருத்துவர் படிவத்தில் எழுதினார்: 'நிறக்குருடு. தகுதி இல்லை.'

ஹபீப் கடையில் அதைக் கேட்டுத் துள்ளினான். "அண்ணே! அது ஃபெயில்னா போஸ்ட் காலி. போஸ்ட் காலின்னா நீங்க உள்ள. இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. ஒண்ணும் பண்ணாம இருங்க. உங்களுக்கு அது கஷ்டம்தான், ஆனா இருங்க."

வீட்டில் யோகம்மா சாதத்தைக் கரண்டியோடு பிடித்துக்கொண்டு நின்றார். "நீங்க ஒண்ணும் பண்ணலையே? அது தானாத்தானே குருடு?"

"தானாத்தான்."

"அப்ப ஆண்டவன் குடுத்தது. தொடாதீங்க."

இரண்டு நாள் அவர் தொடவில்லை. மூன்றாம் நாள், சும்மா பார்க்கலாம் என்று நிரலைத் திறந்தார். கேமரா முதலில் நீலத்தையும், பிறகு பச்சையையும், கடைசியில் சிவப்பையும் அனுப்பிக்கொண்டிருந்தது. நிரல் முதலில் வருவதைச் சிவப்பு என்று எடுத்துக்கொண்டது. மூன்று வரிதான். தப்பு எங்கே என்று தெரிவதற்கு முன்னால் விட்டுவைப்பது வேறு. தெரிந்த பிறகு விட்டுவைப்பது வேறு. வாசலில் சுலைமானின் லாரி நின்றது. மூட்டைகளின் அடியில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது. இதே கேமராவை வைத்துக்கொண்டு உலகத்தில் எங்கெங்கோ எத்தனை பேர் வானத்தைச் சிவப்பாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ என்றும் தோன்றியது. மூன்று வரியையும் திருத்தினார். மாறிய நிறத்துக்கு ஏற்பக் காய்களை மறுபடி பழக்கினார். நிரலைக் கொடுத்தவர்கள் கேட்டுக்கொண்டபடி, திருத்தத்தை அவர்களுடைய பொது அஞ்சல் பட்டியலுக்கு அனுப்பினார். அதற்கு அவருக்குக் கிடைத்தது கழகத்தின் ஒரே மின்னஞ்சல் முகவரி.

"உங்களுக்கு நல்லா இருக்கத் தெரியாதுண்ணே" என்றான் ஹபீப்.

கண் மருத்துவர் இரண்டாம் முறை அட்டைகளைக் காட்டினார். சிவப்பு சிவப்பாக வந்தது. "ஒரு வாரத்தில நிறக்குருடு குணமாகி நான் பாத்ததே இல்ல. என்ன மருந்து?"

"மூணு வரி, டாக்டர்."

மருத்துவர் அப்படியே எழுதினார். 'சிகிச்சை: மூன்று வரி. பூரண குணம்.'

கழகத்துக்கு வரும் மின்னஞ்சல்களை அச்சிட்டு, தேதி முத்திரை குத்தி, செல்வநாயகியின் மேசையில் வைப்பது வழக்கம். செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி எட்டு மின்னஞ்சல்கள் வந்திருந்தன, நான்கு நாடுகளிலிருந்து. எல்லாம் ஒரே விஷயம்: 'உங்கள் கேமரா சிவப்பை நீலமாகப் பார்த்தது என்று எழுதியிருந்தீர்கள். எங்களுடையதும் அப்படித்தான். உங்கள் திருத்தத்தால் சரியாகிவிட்டது. நன்றி.'

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் குலசேகரம் ஒழுங்கு விசாரணைக் குழுவின் முன்னால் நின்றார்.

"குற்றச்சாட்டு" என்று செல்வநாயகி வாசித்தார். "கழகத்தின் அலுவலர் ஒருவரின் அந்தரங்க மருத்துவ விவரத்தை, அன்னாரின் சம்மதமின்றி, வெளிநாட்டவர் எட்டுப் பேருக்குக் குறையாமல் தெரியப்படுத்தியது."

"மிஸ், அது நோய் இல்ல. புரோகிராம்ல சின்ன தப்பு."

"டாக்டர் நிறக்குருடுன்னு எழுதியிருக்கார். நீங்க டாக்டரா?"

கார்த்திகேசு கையை உயர்த்தினார். "நான் கடுமையான ஆள் இல்ல. ஒரு வழி சொல்றேன். நாளைக்குள்ள நீங்க அனுப்பினதைத் திருப்பி வாங்கிடுங்க. குற்றச்சாட்டை எடுத்துடலாம். நாளைக்குத்தானே உங்களுக்குக் கடைசி நாள்? விடுப்புப் பதிலாள் போஸ்ட் ஒண்ணை உருவாக்கி, உங்களை அதிலே நிரந்தரமாக்கக் கையெழுத்துப் போடறேன். எழுதி வச்சிட்டேன், பாருங்க." உண்மையிலேயே ஒரு காகிதம் அவர் முன்னால் இருந்தது. கையெழுத்து இடம் காலியாக இருந்தது.

குலசேகரம் அந்தக் காகிதத்தைப் பார்த்தார். தன் பெயரையும் 'நிரந்தரம்' என்ற சொல்லையும் ஒரே வரியில் அவர் முதன்முறையாகப் பார்த்தார்.

"சார், அதைத் திருப்பி வாங்க முடியாது. எடுத்தவங்க எடுத்துக்கிட்டாங்க. அவங்ககிட்ட இருந்து இன்னும் பத்துப் பேர் எடுத்திருப்பாங்க."

"உங்ககிட்ட இருந்துதானே போச்சு? உங்ககிட்டத்தானே வரணும்?"

"கேட்டு எழுதினாப் போதும் சார்" என்றார் செல்வநாயகி. "மீட்புச் சுற்றறிக்கை. நடைமுறை இருக்கு."

அவரே எழுதினார். பெறுநர்: உலகத்தார் அனைவரும். பொருள்: தவறுதலாக வழங்கப்பட்ட மூன்று வரிகளைத் திருப்பி ஒப்படைத்தல் தொடர்பாக. நடைமுறைப்படி, மீட்கப்படும் ஆவணத்தின் முழு நகலும் சுற்றறிக்கையோடு இணைக்கப்பட வேண்டும். மூன்று வரி மட்டும் போதாது. எந்த நிரலின் எந்த மூன்று வரி என்று பெறுநருக்குத் தெரிய வேண்டும். ஆகவே இயந்திரத்தின் மொத்த நிரலும், குலசேகரம் எழுதிய தரம் பிரிக்கும் பகுதி உட்பட, இணைப்பு 'அ' ஆனது.

"மிஸ்" என்றார் குலசேகரம் மெதுவாக. "இதை இப்படி அனுப்பினா, இதுவரைக்கும் போகாததும் சேர்ந்து எல்லாருக்கும் போயிடுமே."

"எதைத் திருப்பிக் கேக்கறோம்னு காட்டாம எப்படிங்க திருப்பிக் கேக்கறது?"

கழகத்தின் கடிதத் தலைப்போடும் இயக்குநரின் பெயரோடும், சொன்னபடியே அதே அஞ்சல் பட்டியலுக்குக் குலசேகரம் அனுப்பிவைத்தார். நகல்கள் அறுபத்து நான்கு அலுவலகங்களுக்கும் தோட்டக்காரர் சங்கத்துக்கும் தபாலில் போயின.

முப்பதாம் தேதி காலை ஜெர்மனியிலிருந்து பதில் வந்திருந்தது. நிரலைத் தொடங்கியவரே எழுதியிருந்தார். ஒரு பொது நிறுவனம் தன் முழு உழைப்பையும் இவ்வளவு பெருந்தன்மையோடு உலகத்துக்கு வழங்குவதைத் தான் பார்த்ததில்லை என்றும், கடிதத்தின் மொழிநடை சற்றுக் கடினமாக இருந்தாலும் நோக்கம் தெளிவாகப் புரிந்தது என்றும், பங்களித்தோர் பட்டியலில் இருபத்தெட்டாவது பெயராகக் கழகத்தின் பெயரைச் சேர்த்துவிட்டதாகவும் சொல்லியிருந்தார்.

கார்த்திகேசு அதை மூன்று முறை படித்தார். "அப்ப நம்ம பேரு பிரேசில்ல இருக்கு?"

"இருக்கும் சார்" என்றார் குலசேகரம்.

"ஜப்பான்ல?"

"இருக்கும் சார்."

குழு உடனே கூடியது. கழகமே வெளியிட்ட ஒன்றை ஊழியர் கசியவிட முடியாது என்பதால் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. அதே நேரத்தில், குற்றச்சாட்டு இல்லாதபோது அதைத் தீர்த்ததற்கான பதவியை உருவாக்கக் காரணம் இல்லை என்று செல்வநாயகி சுட்டிக்காட்டினார். காலியான கையெழுத்து இடத்தோடு அந்தக் காகிதம் கோப்புக்குள் போயிற்று. மாலை நாலே காலுக்குக் கேமராவின் நிரந்தர நியமன உத்தரவு கையெழுத்தானது. மறுநாள் குலசேகரத்துக்கு நாற்பத்தைந்து முடிந்தது. யோகம்மா பாயசம் வைத்தார். இருவரும் குடித்தார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பாராட்டு விழா. குலசேகரம் கேமராவை மேடைக்குத் தூக்கிப் போய், சந்தன நிறத் துணி விரித்த மேசையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றார். கார்த்திகேசு பேசினார்:

"அன்பர்களே, இந்த அலுவலர் பிறவிக் குறைபாட்டோடு நம்மிடம் வந்தார். நாம் அவரை ஒதுக்கினோமா? இல்லை. பயிற்சிக்கு அனுப்பினோம். மருத்துவரிடம் அனுப்பினோம். இன்று உலகமே நம்மைத் திரும்பிப் பார்க்கிறது. இதில் தனிமனிதர் யாருடைய பங்கும் இல்லை என்பதைப் பெருமையோடு சொல்வேன். இது முழுக்க முழுக்க நிர்வாகத்தின் சாதனை. ஜூன் முதல் இன்றுவரை இந்த ஒரு நியமனத்துக்காக நானூற்றுப் பன்னிரண்டு காகிதங்கள் நகர்ந்திருக்கின்றன. ஒன்றுகூடத் தொலையவில்லை! இந்தக் காலத்தில் ஒரு ஜாதிக்காய்கூடத் தரம் பிரிக்கப்படவில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்கிறேன்: காய் அடுத்த வருடமும் காய்க்கும். இப்படி ஒரு கோப்பு காய்க்குமா?"

கை தட்டல் வெகுநேரம் நீடித்தது.

நிரந்தரமான அலுவலரைக் கூடத்தில் தூசிக்கு நடுவே வைப்பது முறையல்ல என்பதால், கேமரா இயக்குநரின் அறைக்கு, திட்டமிடல் ஆலோசகராக மாற்றப்பட்டது. அதைத் துடைப்பதற்குக் குலசேகரத்தை ஆறு மாதம் தற்காலிகமாக வைத்துக்கொள்ளத் தீர்மானம் நிறைவேறியது. சுலைமான் கூடத்து வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டார். கையில் தோட்டக்காரர் சங்கத்துக்கு வந்த சுற்றறிக்கை இருந்தது.

"தம்பி, இந்த முப்பது பக்கம் என்ன? எல்லாம் இங்கிலீஷும் நம்பருமா இருக்கு."

"அதுதான் அண்ணே மெஷின். மெஷினோட புத்தி முழுக்க அதில இருக்கு."

"இதை எங்களுக்கு ஏன் அனுப்பினாங்க?"

"திருப்பிக் கேக்கறதுக்கு."

சுலைமான் சுற்றறிக்கையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "தவுக்கேகிட்டப் பேசினேன். முத்திரை கிடக்கட்டும், ஒழுங்காப் பிரிச்சு, காயோட படத்தோட குடுத்தாப் போதும்னு சொல்லிட்டான். படம் எடுக்குமா உங்க மெஷின்?"

குலசேகரம் அன்று மாலை நடந்தே வீட்டுக்குப் போனார். கழக வேலையை விட்டுவிட்டு, ஹபீபோடு சேர்ந்து சுலைமானின் காய்களைப் பிரிக்கப் போவதாக யோகம்மாவிடம் சொன்னார். யோகம்மா அடுப்பைத் தணித்தார்.

"இந்தத் தடவை வேலை போனா, மறுநாள் காலையில திரும்பி வராதா?"

"வராது."

"நல்லது. இருபத்திரண்டு தடவை அது வாசல்ல வந்து நிக்கறதைப் பாத்து எனக்கும் அலுத்துப்போச்சு."

அக்டோபர் இருபத்திரண்டு, வெள்ளிக்கிழமை. செல்வநாயகி விலகல் படிவத்தை எடுத்துவைத்தார். அதில் இரண்டு பத்திகள்: கழகத்துக்குச் சொந்தமானவை, ஊழியருக்குச் சொந்தமானவை. அடையாள அட்டை, சாவி, சோதனை மீட்டர் எல்லாம் முதல் பத்தியில் போயின. தண்ணீர் பாட்டிலும் குடையும் இரண்டாம் பத்தியில் போயின.

"அந்த புரோகிராம்?" என்று பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அது யாரோடது?"

குலசேகரம் நேர்மையாக யோசித்தார். "கழகத்தோடது இல்ல, மிஸ். என்னோடதும் இல்ல."

"அப்ப எந்தப் பத்தியில எழுதறது?"

"மூணாவது பத்தி இல்லையே."

செல்வநாயகி படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். முப்பது வருடப் பணியில் தன் புத்தகம் பதில் சொல்லாத கேள்வி ஒன்று அவருக்கு வந்தது அதுவே முதல் முறை. கடைசியில் அந்த வரியை விட்டுவிட்டு, கீழே 'ஊழியர் எடுத்துச் செல்லும் கழகச் சொத்து' என்ற இடத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். வாசலில் காவலர் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, அவரும் 'ஒன்றுமில்லை' என்று பதிவேட்டில் எழுதினார்.

கழகத்தின் ஆவணங்களின்படி, அன்று குலசேகரம் எதையும் எடுத்துச் செல்லவில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கெல்லாம் அந்த நிரல் ஜெலுத்தோங்கில் ஹபீபின் கடையில், இன்னொரு கேமராவோடு, சுலைமானின் காய்களைப் பிரித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது.